மரக்கூலியை எங்கிருந்து கணக்கிடுவது?

(பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ் பேசும் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒப்பந்த முறையில் மரமேறும் தொழிலாளர்களுக்கு நியாயமான கூலி விகிதத்தை எவ்வாறு நிர்ணயிப்பது என்பதே எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். நான் சங்கத் தலைவன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். பேச்சுவார்த்தைகளில் இரு மொழிகளுக்கும் இடையே அமர்ந்திருந்தவன் என்ற முறையில், ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மலையாளத்தில் 'கரார்' என்றால் ஒப்பந்தம். தமிழில் 'கறார்' என்றால் விட்டுக்கொடுக்காத கண்டிப்பு. மரமேறும் தொழிலாளியைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் வாய்மொழியோடு நின்றுவிடுகிறது. கண்டிப்பு மட்டும் முழுமையாக அவர்மீது விழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடந்த ஒரு பேச்சுவார்த்தையில், "மரத்துக்கு எவ்வளவு வேண்டும்?" என்று தோப்பு உரிமையாளர் தரப்பில் கேட்டனர். நான் அதைத் தமிழில் சொன்னேன். முதிய தொழிலாளி ஒருவர், "எந்த மரத்துக்குங்க தோழர்?" என்று திருப்பிக் கேட்டார். "எல்லா மரமும் மரந்தானே" என்றனர் எதிர்த்தரப்பினர். நமது பிரச்சனை முழுவதும் அந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் இடையில் இருக்கிறது.

எல்லா மரமும் ஒன்றல்ல. பாலக்காட்டுத் தென்னந்தோப்பில், தளையைக் காலில் பூட்டி ஏறுபவர் காயை மட்டும் வெட்டி இறங்குவதில்லை. காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் கழித்து மரத்தலையைச் சுத்தம் செய்கிறார். அதே பகுதியில் கள் இறக்குபவர், அதே மரத்தில் காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைச் சீவுகிறார். அவருக்குக் கூலி லிட்டர் கணக்கில். இடுக்கியிலோ வேலை வேறு. மிளகு பறிப்பவர் ஒற்றை மூங்கில் ஏணியைக் கொடி படர்ந்த மரத்தில் சாய்த்து நிற்கிறார். உடும்பஞ்சோலை, வண்டன்மேடு ஏலக்காடுகளில் மழைக்காலத்திற்கு முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்களை நம்பியே இக்காடுகளின் பணிகள் நடக்கின்றன. கையில் அரிவாளோடு, ஈரப்பட்டையில், கிளைவிட்டுக் கிளை மாறும் தொழிலுக்கும், தென்னைக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்?

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் துண்டுக்கூலியை ஆராய்கிறார். எண்ணிக்கைக் கூலி என்பது நேரக்கூலியின் உருமாறிய வடிவமே என்பது அவரது முடிவு. உழைப்பவருக்கும் உழைப்பிப்பவருக்கும் நடுவே ஓர் இடைத்தரகர் புகுந்துகொள்ள இம்முறையே வழி செய்கிறது என்பதையும் அவர் சுட்டுகிறார். நம் தோட்டங்களின் கங்காணி முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணி போனார், காண்டிராக்டர் வந்தார்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நியாயமான நாட்கூலி 1,200 ரூபாய் என்று கொள்வோம். பாதுகாப்பாக ஒரு நாளில் 30 மரம் ஏறலாம் என்றால் மரத்துக்கு 40 ரூபாய். 60 மரம் ஏற வேண்டும் என்றால் மரத்துக்கு 20 ரூபாய். 'ஐந்து ரூபாய் உயர்த்தி 25 ஆக்கிவிட்டோம்' என்று முதலாளி அறிவிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். ஆனால் அந்த 1,200 ரூபாயை ஈட்ட அத்தொழிலாளி 48 மரம் ஏற வேண்டியிருக்கிறது. களைத்த கால் நழுவுவது அந்தக் கடைசி மரங்களில்தான். ஆகவே நாம் முதலில் பேச வேண்டியது மரத்துக்கு எத்தனை ரூபாய் என்பதை அன்று, நாளுக்கு எத்தனை மரம் என்பதையே.

நாட்கூலிக்கு அளவுகோல் என்ன? 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பத்தின் உணவு, துணி, வீட்டு வாடகை, எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட வழிவகுத்தது. கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக மேலும் 25 சதவீதத்தை 1991இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. இது தரைமட்டம். மரமேறுவோர் தேர்ச்சிபெற்ற தொழிலாளர். அவர்களது கூலி இதற்கு மேலேதான் தொடங்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், எண்ணிக்கைக் கூலி பெறுவோருக்கும் நேரக்கூலி உத்தரவாதம் உண்டு என்று ஏற்றது. ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதை ஏட்டில் கைவிடவில்லை. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொகுப்புகளில், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தப்பட்டுள்ளது. மரமேறும் குழுவில் இருப்பதோ ஐந்தாறு பேர். பழைய வலையிலேயே சிக்காத காண்டிராக்டர் புதிய வலையில் எப்படிச் சிக்குவார்? சட்டம் தானாக வந்து காக்காது. எழுத்துவடிவ ஒப்பந்தத்தை நாம்தான் பெற வேண்டும்.

ஆபத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஆபத்துக்கென்று மரத்துக்குச் சில ரூபாயைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, பாதுகாப்புக் கயிற்றையும் காப்பீட்டையும் மறந்துவிடுவதை நாம் ஏற்கக்கூடாது. முதுகெலும்பு முறிந்தவருக்கு அந்தச் சில ரூபாய் எதற்கு ஆகும்? தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னையின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியது. பெண்களும் இயந்திரத்தின் துணையோடு ஏறக் கற்றனர். வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே செலுத்துகிறது. ஆயினும் அது தென்னைத் தொழிலாளர்களுக்கானது. ஏலக்காட்டில் கிளை கழிப்பவருக்கும், மிளகு ஏணியில் நிற்பவருக்கும் தோட்ட உரிமையாளரே பொறுப்பேற்க வேண்டும்.

அடுத்து, எல்லை. ரிசர்வ் வங்கிக் கையேட்டின்படி, 2022-23இல் கேரளத்தில் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி சுமார் 764 ரூபாய். அகில இந்திய சராசரி சுமார் 346 ரூபாய். இந்த இடைவெளிதான் காண்டிராக்டரின் முதலீடு. தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளியைக் குறைந்த கூலிக்கு இறக்கி, 'இவன் ஏறுகிறானே' என்று இங்குள்ள மலையாளித் தொழிலாளியிடம் சொல்கிறார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். ஏறும் மரம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்தின் கூலி என்பதே நமது முழக்கமாக வேண்டும். இதைச் சொல்லும் துண்டறிக்கை இரு மொழிகளிலும் வர வேண்டும். அந்த வேலையை நான் ஏற்கிறேன்.

அரை ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயி இந்தக் கூலியை எங்கிருந்து கொடுப்பார் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் நமது நேச சக்தி. காய் விலை சரியும் ஆண்டில் அவரும் திண்டாடுகிறார். அவரிடமும் பெருந்தோட்டத்தாரிடமும் ஒரே விதமாகப் பேசக்கூடாது. ஆனால் அதற்கான விடை கூலியைக் குறைப்பதில் இல்லை; நடுவில் போகும் தரகை ஒழிப்பதில் இருக்கிறது. கேரளத்தின் கார்ஷிக கர்ம சேனை போன்ற அமைப்புகளும் தொழிலாளர் கூட்டுறவுக் குழுக்களும் நேரடியாக முறைவைத்து ஏறினால், விவசாயி தரும் தொகை ஏறுபவர் கைக்கே போகும்.

இறுதியாக ஒரு சுயவிமர்சனம். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் போனஸ் வெட்டுக்கு எதிராகத் தெருவில் அமர்ந்தனர். தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக அக்டோபரில் தேயிலைத் தோட்ட நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆகவும், ஏலத்தோட்டக் கூலி 267இலிருந்து 330 ஆகவும் உயர்ந்தது. அப்பெண்களின் கோபம் நிர்வாகத்தின்மீது மட்டுமன்றித் தொழிற்சங்கங்களின்மீதும் திரும்பியதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தம்மைப் பற்றிய பேச்சில் தாம் இல்லை என்பதே அவர்களது குற்றச்சாட்டு. மரமேறுபவர் அமராத மேசையில் மரக்கூலியை முடிவு செய்தால், அதே தவற்றை நாமும் செய்வோம்.

ஆகவே தோழர்களே, ஊர் திரும்பியதும் கோரிக்கைப் பட்டியலை உடனே எழுதிவிடாதீர்கள். தொழிலாளர்களோடு ஒரு நாள் தோப்புக்குச் செல்லுங்கள். எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை மரம் ஏறினால் கால் நடுங்காமல் வீடு திரும்ப முடிகிறது என்று அவர்கள் சொல்ல, நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். மழையால் ஏற முடியாமல் காத்திருந்த நேரத்தையும், ஜீப்பில் போன நேரத்தையும் சேர்த்தே குறியுங்கள். நாட்கூலியை அந்த எண்ணால் வகுத்து வருவதே மரக்கூலி. தரகு அதற்கு வெளியே. காப்பீடு அதற்கு மேலே.

அந்த முதியவரின் கேள்விக்கு நாம் விடையோடு திரும்பிச் செல்ல வேண்டும்.