வர்ணம் பூசிய வெளிச்சுவரும் அழுத்த நீரும்



இன்றைய பேச்சின் பொருள், வர்ணம் பூசிய வெளிச்சுவரைச் சேதமின்றிக் கழுவுவது எவ்வாறு என்பதாகும். 'பிரஷர் வொஷர்' என்று யாவரும் அழைக்கும் அழுத்த நீர் இயந்திரங்கள், பனிக்காலம் கழிந்ததும் கடை வாசல்களில் அடுக்கப்பட்டுவிடுகின்றன. நாள் வாடகைக்கும் அவை கிடைக்கின்றன. புழுதியும் வாகனப் புகையும் படிந்து மங்கிய சுவர் சில நிமிடங்களில் பளிச்சிடுவதைக் கண்டவர்களுக்கு அவ்வியந்திரத்தின்மீது ஆசை எழுவது இயல்பே. ஆயினும் அதே சில நிமிடங்களில் வர்ணம் தகடு தகடாக உரிந்து முற்றத்தில் உதிர்வதும் நடக்கக்கூடியது. அழுக்கை அகற்றும் விசைக்கும் வர்ணத்தை அகற்றும் விசைக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு.

உயர்மாடியில் வாடகைக்கு வாழ்வோருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்ற கேள்வி எழலாம். இங்கு வந்திருப்போரில் பலருக்கு ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீடு வாங்கிய பிள்ளைகள் அல்லது சகோதரர்கள் இருப்பர். வேறு சிலர் துப்புரவுத் தொழிலிலும் வர்ணம் பூசும் தொழிலிலும் ஈடுபட்டு, பிறர் வீட்டுச் சுவர்களை நாள்தோறும் கழுவுவோராக இருப்பர். இவ்விரு வகையிலும் சேராதோருக்கும் ஒரு பல்கனி உண்டு. எனவே பல்கனியிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக்கட்டடங்களிற் பெரும்பாலானவை 1960களில் எழுந்தவை. அவற்றின் பல்கனிகள் கொங்கிறீற்றால் ஆனவை; கொங்கிறீற்றினுள் இரும்புக் கம்பிகள் உள்ளன. மேலே பூசப்பட்ட வர்ணம் அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. நீர் உள்ளிறங்காமல் தடுக்கும் மேற்போர்வையாகவும் அது பயன்படுகிறது. உயர் அழுத்த நீர் அப்போர்வையைக் கிழித்துவிட்டால், மயிரிழை போன்ற வெடிப்புகளின் வழியே ஈரம் கம்பியைச் சென்றடையும். கம்பி துருப்பிடிக்கும்போது பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீற்றை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். மார்கழியில் உறைந்து பங்குனியில் உருகும் நீர் அந்த வெடிப்பை ஆண்டுதோறும் அகலப்படுத்தும். பல மாடிகளுக்குக் கீழே நடைபாதையில் மனிதர் நடமாடும் இடத்தில் ஒரு கைப்பிடியளவு கொங்கிறீற்று உடைந்து விழுவது சிறு விடயமன்று.

இது தவிர, கழுவிய நீர் கீழ்மாடிப் பல்கனியிலேயே விழும். அங்கே உலர்த்திய உடைகள் இருக்கலாம். ஓரமாகப் பரப்பிய மிளகாய் இருக்கலாம். குழந்தையின் தள்ளுவண்டியும் இருக்கலாம். ஆகவே பல்கனிக்கு அழுத்த நீர் இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்பதே சரியான விடை. ஒரு வாளி இளஞ்சூட்டு நீர், சிறிது பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, ஒற்றியெடுக்கப் பழந்துணி ஆகிய நான்கும் போதும்.

பல்கனியின் பெரும் அழுக்கு புறாவின் எச்சமே. உலர்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டுவது கூடாது. அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகளும் பூஞ்சணங்களும் இருக்கக்கூடும். முதலில் சவர்க்கார நீரால் நன்கு நனைத்து ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கடதாசியால் வழித்தெடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் இடுதல் வேண்டும். காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கத்தைப் பல்கனிக் கைப்பிடியில் தொடர்வோரும் உளர். இந்நகரில் அச்சோற்றை உண்ண வருவது பெரும்பாலும் புறாவே. காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவிடுவதை நகரசபையின் உபவிதி தடை செய்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

பல்கனிச் சுவரின் வர்ணம் ஏற்கெனவே உரிந்திருந்தால் அதைத் திருத்துவது யாருடைய பொறுப்பு? ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, கட்டடத்தை நல்ல நிலையில் பேணித் திருத்துவது உரிமையாளரின் கடமை. வழமையான சுத்தத்தைப் பேணுவது குடியிருப்பாளரின் கடமை. குடியிருப்பாளரின் கவனக்குறைவால் ஏற்படும் சேதத்துக்கு அவரே பொறுப்பாவார் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் பல்கனி வர்ணத்தை உரித்துவிட்டால், உரிமையாளர் செய்யவேண்டிய வேலையின் செலவு குடியிருப்பாளரின் தலையில் விழ இடமுண்டு.

வர்ணத்தின் வயது இதைவிட முக்கியமானது. பழைய வர்ணங்களில் ஈயம் கலக்கப்பட்டது. கனடாவின் சுகாதாரத் திணைக்களம் கூறுவதன்படி, 1960க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈய வர்ணம் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. 1960க்கும் 1990க்கும் இடையில் கட்டப்பட்டவற்றின் வெளிப்புற வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். 1976இல் உட்புற வர்ணங்களில் ஈயத்தின் அளவு சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் வெளிப்புற வர்ணத்தில் அதன்பின்னும் ஈயம் தொடர்ந்தது. இக்கணக்கின்படி சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிகளும், பார்லிமென்ற் வீதிக்கு அப்பால் கபேஜ்ரவுணில் நிற்கும் விக்ரோறியா காலத்து வீடுகளும், ஸ்காபரோவில் போருக்குப் பின் எழுந்த சிறு வீடுகளும் சந்தேகத்துக்குரியவையே.

ஈய வர்ணத்தை உயர் அழுத்த நீரால் தாக்கினால் அது துகள்களாகச் சிதறி மண்ணிற் படியும். முற்றத்தில் விளையாடும் குழந்தை மண் பட்ட விரலை வாயில் வைக்கும். கீரைப்பாத்தியும் அந்த மண்ணில்தானே இருக்கும்? ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சிறு அளவும் தீங்கானது. பாதித்தபின் அதை மீட்பது அரிது. கருவுற்ற தாயின் உடலிலிருந்து அது கருவையும் சென்றடையும். ஆகையால் 1990க்கு முந்திய கட்டடமாயின், கழுவுமுன் உரிந்த வர்ணத்தின் ஒரு சிறு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதித்தல் வேண்டும். ஈயம் உண்டெனத் தெரிந்தால் இயந்திரம் கூடாது. உரித்தலும் தேய்த்தலும் பயிற்சி பெற்றோரின் வேலை. வர்ணம் சிதையாமல் இறுகப் பற்றியிருந்தால், அதை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து அப்படியே விட்டுவிடுவதே பெரும்பாலும் பாதுகாப்பானது.

ஈயம் இல்லையெனில் அடுத்த கேள்வி, வர்ணம் சுவரைப் பற்றியிருக்கிறதா என்பது. உள்ளங்கையைச் சுவரிற் தேய்த்துப் பார்க்கலாம். வெண்பொடி கையில் ஒட்டினால் வர்ணம் வெயிலிற் சிதைந்து பொடியாகிறது என்று பொருள். அதற்குக் கழுவுதல் தீர்வாகாது; மீளப் பூசுதலே தீர்வு. மறைவான ஓரிடத்தில் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென இழுத்தால் வர்ணமும் கூடவே வருகிறதா என்பதும் தெரியும். வந்தால் அச்சுவர் எந்த இயந்திரத்தையும் தாங்காது. கரும்புள்ளிகள் அழுக்கா, பூஞ்சணமா என்று அறிய, நீர் கலந்த புளீச்சில் ஒரு துளியை அப்புள்ளியில் இடவேண்டும். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சணம். புளீச்சுடன் அமோனியாவையோ, வினாகிரி போன்ற அமிலத்தையோ ஒருபோதும் கலத்தல் ஆகாது. எழும் வாயு நஞ்சாகும்.

செங்கற் சுவருக்குத் தனி எச்சரிக்கை தேவை. யாழ்ப்பாணத்தில் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் சுண்ணாம்பின் இயல்பை அறிவர்: அது சுவரை மூச்சுவிட அனுமதிக்கும், மழையிற் கரையும், மறுவருடம் மீண்டும் அடிக்கவேண்டும். இங்குள்ள பழைய வீடுகளும் மென்மையான செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. ஆனால் பிற்காலத்தில் அவற்றின்மேல் ஈரத்தை எளிதில் வெளிவிடாத நவீன வர்ணம் பூசப்பட்டதுண்டு. அத்தகைய சுவரில் அழுத்த நீர் பட்டால் சாந்து கரைந்து வெளியேறும். வெடிப்பின் வழி உட்புகுந்த நீரோ வர்ணத்துக்குப் பின்னால் அடைபட்டுக்கொள்ளும். முதல் உறைபனியிலேயே செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக விழும். சூளையில் வெந்த கடினமான மேற்தோல் ஒருமுறை போனால் திரும்புவதில்லை. கபேஜ்ரவுணின் பல தெருக்கள் ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்கள் ஆதலால், அங்கு செங்கற் சுவரில் கைவைக்குமுன் நகரசபையின் மரபுரிமைப் பிரிவைக் கேட்பது அவசியம்.

இத்தனைக்கும் பின் இயந்திரம் பொருந்துவது, உறுதியான வர்ணத்துடன் கூடிய மரப்பலகை, அலுமினியம், சீமெந்துப் பலகை போன்ற சுவர்களுக்கே. அவற்றிலும் தோட்டக் குழாய் நீரும் நீண்ட பிடியுள்ள தூரிகையும் போதுமா என்று முதலில் முயன்று பார்ப்பதே விவேகம். தோட்டக் குழாயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 80 இறாத்தல். சிறிய மின் இயந்திரமோ 1,500 முதல் 2,000 வரை தள்ளும். பெற்றோல் இயந்திரம் 3,000ஐயும் தாண்டும். வர்ணம் பூசிய மரத்துக்கு 1,500க்கு மேல் வேண்டியதில்லை.

அழுத்தத்தைவிட முனையே முக்கியம். சிவப்பு முனை நீரை 0 பாகையில் ஊசிபோற் செலுத்தும். அது சுவருக்கு உரியதன்று, பெட்டியிலேயே இருக்கட்டும். மஞ்சள் 15 பாகை, பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு, சவர்க்காரக் கரைசலுக்கானது. வர்ணச் சுவருக்கு வெள்ளை முனையே உகந்தது. நாலடி தூரத்தில் தொடங்கி, அழுக்கு போகும் அளவுக்கு மட்டுமே சிறிது சிறிதாக நெருங்க வேண்டும். ஓரடிக்குள் செல்லலாகாது. சவர்க்காரத்தைக் கீழிருந்து மேலாகப் பூசுவது நல்லது. மேலிருந்து பூசினால் உலர்ந்த சுவரில் வழியும் கோடுகள் கறையாக நின்றுவிடும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழ். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும் சுவரில் நீரைக் கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் அது பலகைக்குப் பின்னாற் சென்று உட்சுவரை நனைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். யன்னல் ஓரம், கதவுச் சட்டம், காற்றுத் துவாரம், மின் பெட்டி ஆகியவற்றுக்கு நேரே அடித்தல் கூடாது. மீள வர்ணம் பூசும் எண்ணமிருந்தால் மரத்துக்கு இரண்டு நல்ல வெயில் நாள்களேனும் உலர இடமளிக்கவேண்டும். ஆவணி கடந்து தொடங்குவோர் குளிர் முந்திக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. ரொறன்ரோவின் பெரும்பகுதியில் வீதியோர மழைநீர்க் கானில் விழுவது சுத்திகரிக்கப்படாமலே ஓடைக்கும் ஏரிக்கும் செல்கிறது. வர்ணத் துகளையும் இரசாயனத்தையும் அதில் விடுவதை நகராட்சிச் சட்டக்கோவையின் 681ஆம் அத்தியாயம் தடுக்கிறது. சுவரடியில் துணி விரித்துத் துகள்களைச் சேர்த்து, நகரசபையின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஆபத்தான கழிவாக ஒப்படைத்தல் வேண்டும்.

இதைத் தொழிலாகச் செய்வோருக்குச் சில சொற்கள். ஏணியில் நின்றபடி இயந்திரத்தை இயக்கினால் அதன் பின்னுதைப்பே ஆளைத் தள்ளிவிடும். தரையில் நின்று நீட்டுக்கோலைப் பயன்படுத்துவதே முறை. பெற்றோல் இயந்திரத்தைக் கராஜினுள் இயக்கினால் மணமற்ற காபனோரொட்சைட்டு உயிரைப் பறிக்கும். நீர்த்தாரை தோலைத் துளைத்தால் வெளியே தெரிவது ஊசித்துளை அளவு காயமே. வலியும் முதலிற் குறைவாக இருக்கலாம். உள்ளே தசை கடுமையாகச் சேதமடைந்திருக்கக்கூடும். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். தாமதித்தோர் விரலை இழந்ததுண்டு. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளருக்கு வழங்குகிறது. மறுத்தமைக்காகத் தண்டிப்பது சட்டவிரோதம்.

வாடகைக் குடியிருப்பாளர், பல்கனி வர்ணம் உரிவதைக் கண்டால், முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் முறையிட்டுத் திகதியுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளவேண்டும். படமும் எடுத்து வைத்தல் நன்று. மூன்று மாடிக்குக் குறையாததும் 10 வீடுகளுக்குக் குறையாததுமான வாடகைக் கட்டடங்கள் 2017 முதல் நகரசபையின் 'ரென்ற்சேஃப்' திட்டத்துக்கு உட்பட்டவை. அவசரமற்ற முறைப்பாட்டுக்கு உரிமையாளர் 7 நாள்களுக்குள்ளும், அவசரமானதற்கு 24 மணிநேரத்துக்குள்ளும் பதிலளிக்க வேண்டும். பதில் வராவிடின் 311 என்ற இலக்கத்தை அழைக்கலாம். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். கட்டட முகவரி, வீட்டிலக்கம், உரிமையாளருக்கு எழுதிய திகதி, வீட்டில் சிறு குழந்தை உண்டா என்ற விபரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். அழைப்பின் முடிவில் தரப்படும் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளத் தவறக்கூடாது.