கை வந்த பிறகு வேலை

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர், பால் பிராண்ட். டாக்டராகும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார்.

தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். மோதிர விரலை மடக்கும் தசைநார்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் தைப்பது ஒரு முறை. தையல் ஆறினால் போதாது. மோதிர விரலை மடக்க நினைத்தால் கட்டைவிரல் அசையும்! மூளைக்கு அதைப் பழக்கத்தான் வாரக்கணக்கில் பயிற்சி.

சரி, கை வந்தது. பிழைப்பு? சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்: "கையைச் சரிபண்ணிட்டீங்க, இப்ப யாரும் பிச்சை போட மாட்டேங்கறாங்க. வேலையும் யாரும் தரலைங்க." நியாயமான குறைதானே?

அதற்காகத்தான் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே 1950 வாக்கில் 'நவஜீவ நிலையம்' தொடங்கியது. சின்னக் கிராமம் மாதிரி. அங்கே தச்சுப் பட்டறையில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார் பிராண்ட்.

அதற்கும் ஒரு தடை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். பார்த்தால், விரலில் எலும்பு தெரியும் வெட்டு! அவனுக்கு வலிக்கவே இல்லை. தொழுநோயால் உணர்ச்சியற்றுப்போன கை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்லாது. அதனால் சுத்தியல், உளி எல்லாவற்றின் பிடியையும் பருமனாக, வழவழப்பாக மாற்ற வேண்டியிருந்தது. அதோடு, தினமும் வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காயம் தேட வேண்டும். வலி செய்யாத வேலையைக் கண் செய்தது.