திட்டுகிற குரலிடம் ஒரு கேள்வி



போகலாம் என்று ஒரு மனசு சொல்கிறது, வேண்டாம் என்று இன்னொரு மனசு சொல்கிறது. தினமும் இப்படிப் பேசுகிறோம், பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த இன்னொரு மனசோடு உட்கார்ந்து பேசிப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம் சிகிச்சையாளர். அவர் பயின்றது குடும்ப சிகிச்சை. ஒரு பிள்ளைக்கு மனம் நலிந்தால் அந்தப் பிள்ளையை மட்டும் பார்க்காமல், வீட்டார் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் முறை அது. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வலிய வாந்தியெடுக்கும் புலிமியா நோய் உள்ளவர்கள் அவரிடம் வந்தார்கள். குடும்பச் சிக்கல்களைத் தீர்த்த பிறகும் சிலரை நோய் விடவில்லை. ஏன் என்று அவர்களையே கேட்டார்.

எனக்குள் ஒருத்தி ஓயாமல் என்னைத் திட்டுகிறாள். அதைக் கேட்டு இன்னொருத்தி சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கிவிடுகிறாள். அந்த வேதனை தாங்காமல் மூன்றாவது ஒருத்தி என்னைச் சாப்பாட்டின் பக்கம் இழுத்துப்போகிறாள். சாப்பிட்டு முடித்ததும் முதலாமவள் மறுபடி ஆரம்பிக்கிறாள். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். வீடுகளில் தான் பார்த்துவந்த சண்டை ஒரே ஆளுக்குள் நடப்பதை ஷ்வார்ட்ஸ் கண்டார்.

முதலில் அவரும் அந்தக் குரல்களை அடக்கவே முயன்றார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். அப்படிச் செய்யத் தூண்டும் உள்குரலை, அவர் சொல்லில் அந்தப் பகுதியை, இருவருமாக நெருக்கி, இனிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அடுத்த முறை வந்தபோது காயம் முன்பைவிட மோசம். தோற்றுப்போன ஷ்வார்ட்ஸ், மிரட்டுவதை விட்டு, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அந்தப் பகுதியையே விசாரித்தார். சிறுவயதில் அந்தப் பெண்ணுக்குக் கொடுமை நடந்த நாட்களில் அவரைக் காப்பாற்ற வந்த பகுதி அது என்று தெரிந்தது. ஆபத்து இன்னும் தீரவில்லை என்று எண்ணிக் காவலைத் தொடர்ந்துகொண்டிருந்தது. இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

இதிலிருந்துதான் அவருடைய முறை வளர்ந்தது. 1995-இல் அதை நூலாகவும் எழுதினார். அவர் கணக்கில், நமக்குள் சில பகுதிகள் மேலாளர்கள்: திட்டியும் விரட்டியும் நம்மை ஒழுங்கில் வைப்பவை. சில தீயணைப்பு வீரர்கள்: வேதனை மூண்டதும் சாப்பாடு, குடி, கோபம் என்று கையில் கிடைப்பதைக் கொண்டு அணைக்கப் பார்ப்பவை. இரண்டுமே பாடுபடுவது, பழைய காயத்தோடு ஒளித்துவைக்கப்பட்ட பிஞ்சுப் பகுதிகளுக்காக. இவை எல்லாம் சற்று விலகி இடம்விட்டால், பதற்றமில்லாமல் கேட்கத் தெரிந்த ஒன்று ஒவ்வொருவரிடமும் மிஞ்சுகிறது என்கிறார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்குள்ளும் இருக்கிற இந்தப் பகுதிகள் வேறு. காதில் குரல் கேட்பதும், நடந்ததே நினைவில்லாமல் வேறு ஆளாக மாறிப்போவதும் வேறு. அவற்றுக்கு மனநல மருத்துவரிடம் போகவேண்டும். இந்த முறையைச் சோதித்த ஆய்வுகளும் இன்னும் குறைவுதான். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் தனியாக முயலவேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் கட்டணமில்லாமல் எந்த நேரமும் பேசலாம்.

மற்றவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். நீ எதற்கும் லாயக்கில்லை என்று உள்ளே குரல் எழும்போது, எதிர்த்து வாதாடாதீர்கள். திட்டுவதை நிறுத்தினால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறாய் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு, இந்த முறையில் வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வி: எனக்கு இப்போது என்ன வயசு என்று நினைக்கிறாய்? ஐந்து என்றோ எட்டு என்றோ அது சொல்வது உண்டு. அப்போது உங்கள் உண்மையான வயசை அதற்குச் சொல்லுங்கள்.