துப்பறியும் இணைகளும் அகத்திணை மாந்தரும்



20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் மாவட்டத்து ஆரணி குப்புசாமி முதலியார் துப்பறியும் புதினங்கள் படைத்தார். பின்வந்தோருள் சுஜாதாவுக்குக் கணேஷ், வசந்த். ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத், சுசீலா. சுபா இரட்டையர்க்கு நரேந்திரன், வைஜயந்தி. கொலை, ஐயம், திருப்பம், விடை என்பதே பொதுவரிசை. ஆயினும் சுஜாதாவிடம் உரையாடலும், ராஜேஷ்குமாரிடம் இருகதைகள் தனித்தோடி இறுதியில் இணையும் அமைப்பும் சிறக்கின்றன.

வாய்பாடு குற்றமா? தலைவன், தலைவி, தோழி என வழிவழி வந்த மாந்தரைக் கொண்டே அகப்பாடல்களும் எழுந்தன. அங்கே பெயரில்லாத் தலைவியின் துயர் நம் துயராகிறது; இங்கோ பெயருடைய பிணத்திற்கும் பெரும்பாலும் அழுவாரில்லை. ஆகவே வேறுபாடு மாந்தர்பால் கொள்ளும் பரிவில்தான். யாப்பறிந்த கவிஞர்களே, இவ்வளவுகோலால் முதலில் நம் கவிதைகளை அளப்போம்.