விசைகளும் ஓரெழுத்தொருமொழியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இந்த அவையில் கவிதை கேட்பவர் வரிசையில் அமர்ந்தவன் நான். மேடையேறுவது இதுவே முதல் முறை. மலருக்கான கவிதைகள் கணிப்பொறியில் ஏறிய விதத்தைச் சொல்லுமாறு மலர்க்குழுவினர் பணித்துள்ளனர். கணிப்பொறி என்றதும் எழுந்து போக நினைப்பவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இடையில் நன்னூலும் வருகிறது.

கவிதைகளைத் தட்டெழுதியவர் நம் மூத்த கவிஞர் ஒருவர். தம் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை. தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்றால் உங்களில் பலருக்கு விளங்கிவிடும். பக்கவாதத்தால் அவருக்கு வலக்கை செயலிழந்தது. சுட்டியைப் பிடித்து நகர்த்துவது இடக்கைக்குப் படியவில்லை. "தம்பி, இந்த எலியை ஓட்ட என்னால் ஆகாது. விசை இருந்தால் சொல்லும். நான் விசையிலேயே வாழ்ந்தவன்" என்றார்.

அவர் வீட்டில் மின்சாரம் அடிக்கடி போகும். ஆகவே, மின்கல வசதியுள்ள என் வீட்டுக் கணிப்பொறியோடு அவர் வீட்டிலிருந்து இணைந்து, எழுத்து மட்டுமே தெரியும் முனையத்தில் எழுதுவது என்று முடிவு செய்தோம். அதற்குத் துணையாக அமைந்தது டிமக்ஸ் என்னும் நிரல். நிக்கோலஸ் மேரியட் என்பவர் 2007-இல் வெளியிட்டது. இவ்வகையில் அதற்கு மூத்தது ஸ்கிரீன். 1987-இல் ஆலிவர் லாவ்மனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதியது. ஒரே முனையத்தில் பல சாளரங்களைத் திறக்கவும், ஒரு சாளரத்தைப் பல பாகங்களாகப் பிரிக்கவும் இவை இடமளிக்கின்றன. அதைவிடப் பெரிய உதவி ஒன்றுண்டு. கவிஞர் வீட்டுத் திரை அணைந்தாலும் இணைப்பு அறுந்தாலும், வேலை என் கணிப்பொறியில் நின்ற நிலையிலேயே நிற்கும். மீண்டும் இணைந்தால் விட்ட இடம், விட்ட எழுத்து. இதை முதலில் கண்ட நாளில் கவிஞர், "இது பாலை அன்று, முல்லை. பிரிந்தவன் வரும்வரை ஆற்றி இருக்கிறது" என்றார்.

இனி விசைக்கு வருகிறேன். எழுதும்போது எல்லா எழுத்துகளும் எழுத்துகளே. அவற்றையே கட்டளைகளாகவும் ஆள வேண்டுமானால், இப்போது வருவது கட்டளை என்று முன்னறிவிக்க ஒரு விசை வேண்டும். டிமக்ஸில் அது கண்ட்ரோலும் 'பி'யும் சேர்ந்தது. ஸ்கிரீனில் கண்ட்ரோலும் 'ஏ'யும். மேரியட் தம் நிரலின் முதல் வடிவத்தை ஸ்கிரீனுக்குள்ளிருந்தே எழுதியதால், இரண்டும் மோதாதிருக்கவே 'பி'யைத் தேர்ந்தாராம். முன்விசையை அழுத்தி, விட்டுவிட்டு, அடுத்த எழுத்தை அழுத்த வேண்டும். 'சி' புதிய சாளரம் திறக்கும். டிடாச் என்பதன் முதலெழுத்தாகிய 'டி' நம்மைப் பிரித்து வெளியே அனுப்பும். ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவது என்பதால் ஒரு கை போதும். சேர்த்து அழுத்த வேண்டியது முன்விசை மட்டுமே. அதையும் மாற்றி, பலகையின் இடப்பக்க மேல்மூலையில் தமிழெழுத்து ஏதும் இல்லாத ஒற்றை விசையை முன்விசையாக்கினோம்.

முதல் நாளே இடறியது. முன்விசையை அழுத்திச் 'சி'யை அழுத்துகிறார்; ஒன்றும் நிகழவில்லை. பிழையென்று ஒரு சொல்கூட வரவில்லை. அரைமணி நேரம் கழித்தே காரணம் புரிந்தது. அவர் தட்டுவது தமிழ்99 பலகை. அதில் 'சி' இருக்கும் விசை தருவது 'ஒ'. 'டி' இருக்கும் விசை தருவது 'உ'. டிமக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது தமிழெழுத்து; அதற்குரிய கட்டளை அங்கே இல்லை. ஒவ்வொரு முறையும் பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றலாம். கவிஞர் இசையவில்லை. "அதற்குத் தமிழ் கற்றுக் கொடும்" என்றார்.

கற்றுக் கொடுக்க முடிந்தது. அமைவுக் கோப்பில் கட்டளைக்கு ஒரு வரி. எழுத்துகளைத் தேர்ந்தவர் அவரே. 'ஒ' என்றால் ஒரு புதிய சாளரம். 'இ' என்றால் இரண்டாக்கு. இடப்பாகத்தில் முதற்படி, வலப்பாகத்தில் திருத்தப்படி. 'அ' என்றால் அடுத்த பாகம். 'உ' என்றால் உறங்கட்டும். ஒரு பாகத்தைத் திரை முழுதும் விரிக்கவும் சுருக்கவும் 'ஔ'. நம் கவிதைகளில் வேலையின்றிக் கிடக்கும் எழுத்துக்கு ஒரு பிழைப்பு. எல்லாம் இடக்கைப் பக்கத்து விசைகள். "ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டு என்றார் பவணந்தியார். குறிலில் அவர் கொண்டவை 'நொ', 'து' இரண்டே. நாம் நான்கு குறிலைக் கூட்டிவிட்டோம், தம்பி. அவர் பொறுப்பாரா?" என்று சிரித்தார். முனையத்தில் கொம்பும் காலும் சில வேளை இடம் தவறி நிற்கும் என்பதால், அடிகளின் அமைப்பை மட்டும் தாளில் அச்சிட்டுப் பார்த்தோம்.

இனி என் குற்றம். உறங்க வைப்பது வேறு, சேமிப்பது வேறு. டிமக்ஸ் வேலையைப் பிடித்து நிறுத்துமே தவிர வட்டில் எழுதி வைக்காது. கணிப்பொறி அணைந்தால் எல்லாம் போயிற்று. இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னேன் என்றே நினைத்திருந்தேன். போகிக்கு முந்தின நாள் மேசைக்கடியில் ஒட்டடை அடிக்கும்போது மின்கல வடத்தையே பிடுங்கிவிட்டேன். பிறர் கவிதைகளுக்குக் கைப்படிகள் இருந்தன; அவற்றை மறுபடி அடித்துக்கொள்ளலாம். அவர் தம் கவிதை ஒன்றைத் தாளில் எழுதாமல் நேரே திரையில் எழுதிக்கொண்டிருந்தார். 'உ' அழுத்திவிட்டு உண்ணப் போயிருந்தார்.

செய்தியைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. நெடுநேரம் பேசவும் இல்லை. இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து மீண்டும் அடித்தார். இருபத்திரண்டு அடியில் இருபத்தொன்று வந்தன. பதினேழாம் அடி வரவில்லை. வேறோர் அடி எழுதிச் சேர்க்கலாமே என்றேன். தலையசைத்து மறுத்தார்.

அக்கவிதை மலரில் வருகிறது. பதினாறாம் அடிக்குப் பின் ஒரு வரிக்குரிய வெற்றிடம் இருக்கும். அச்சுப்பிழையென்று எவரும் கருத வேண்டா.