பந்தலூரில் சட்ட உதவிப் படிப்பைப் பற்றிய சொற்பொழிவு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சட்ட உதவிப் படிப்பு என்பதாகும். கூட்டத்திற்கு வருமுன் தேயிலைத் தோட்டத் தோழர் ஒருவர் நம்மிடம், "ஐயா, என் மகள் வக்கீலுக்குப் படிப்பதானால் படிக்கட்டும். வக்கீலுக்கு உதவி செய்ய ஒரு படிப்பு எதற்கு? அது குமாஸ்தா வேலைதானே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லுவதையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்ளுகிறோம்.

அமெரிக்கா போன்ற தேசங்களில் இது கல்லூரிப் பட்டப் படிப்பாகவே நடந்து வருகிறது. அதில் கற்றுக்கொள்ளுவது என்னவென்றால், சட்டத்தில் வேண்டிய பிரிவைத் தேடி எடுப்பதும், சாட்சி சொல்லுகிறவரை விசாரித்து எழுதி வைப்பதும், தஸ்தாவேஜுகளைத் தேதிவாரியாக அடுக்குவதும், மனு எழுதுவதும், கெடு தவறாமல் பார்த்துக்கொள்ளுவதுமேயாகும். கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் வாதாடுவது வக்கீலின் வேலை. நம் நாட்டிலும் இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகம் இதற்கு டிப்ளமாப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தியது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் 2009-ம் வருஷத்தில் ஊர்களிலுள்ள சாதாரண ஜனங்களுக்கே பயிற்சி கொடுத்துச் சட்டத் தன்னார்வலர்களாக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது.

தோழர்களே! இது சிறு வேலையா, பெரு வேலையா என்பதை உங்கள் மண்ணைக்கொண்டே யோசித்துப் பாருங்கள். இந்த மலையில் நிலம்பூர் கோவிலகத்தாரின் ஜன்ம நிலங்கள் இருந்தன. ஜன்ம முறையை ஒழிக்க 1969-ல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுச் சட்டம் செய்யப்பட்டது. பந்தலூரும் அன்று கூடலூர் தாலூகாவைச் சேர்ந்ததுதான். அச்சட்டத்தில் காடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் பாகம் செல்லாது என்று 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 1974-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை 9-வது அட்டவணைக்குள் வைத்தார்கள். அதன்மேல் கிளம்பிய கோயல்ஹோ வழக்கில், 2007-ல் 9 நீதிபதிகள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். அத்தீர்ப்பை இன்று இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அது உங்கள் மலையில் பிறந்த வழக்கு. ஆனால் இந்த மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கும் காட்டில் குடியிருக்கிறவருக்கும் அதில் ஒரு வரி தெரியுமா? வீடு உங்களுடையது, சாவி ஊரார் கையில் என்றால் அந்த வீடு யாருடையது?

தோட்டத்தில் 30 வருஷம் வேலை செய்து ஓய்வு பெறுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடை என்பது, வருஷத்திற்கு 15 நாள் கூலி என்று 1972-ம் வருஷத்துச் சட்டம் ஏற்படுத்திய கணக்கு. 30 வருஷத்திற்கு 450 நாள் கூலியாகும். ஆனால் வேலையில் சேர்ந்த தேதிக்குச் சீட்டில்லை. ஒரு காகிதத்தில் மாரியாயி, மற்றொன்றில் மாரியம்மாள். 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பமானால் குழப்பம் இன்னும் அதிகம். பணம் குறைந்தால், "என் தலைவிதி" என்று அந்தம்மாள் அழுகிறார். தோழர்களே! விதி எங்கே வந்தது? வந்தது எழுத்துப் பிழை. அதை விதி திருத்தாது, மனு திருத்தும்.

பணியர், காட்டுநாயக்கர் முதலிய தோழர்களின் கதியையும் பாருங்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், 13-12-2005-க்கு முன்பிருந்தே தங்கள் அனுபவத்திலுள்ள வன நிலத்திற்கு அவர்கள் உரிமை கேட்கலாம் என்கிறது. ஊர்ப் பெரியவர் சொல்லுவதை எழுதிக் கொடுத்தால் அதுவும் ஒரு ருசு என்று அதன் விதிகள் ஒப்புக்கொள்ளுகின்றன. அதோடு இன்னொரு ருசுவும் சேரவேண்டும். கிராம சபையின் முடிவில் குறையிருந்தால் 60 நாளைக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மனுச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வழி திறந்துதானிருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் சொல்லுவதை எழுதுவதற்கு ஒரு கையும், 60 நாளை எண்ணுவதற்கு ஒரு கண்ணும் வேண்டாமா?

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்பீர்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், மலைவாழ் மக்களுக்கும், தொழிலாளருக்கும் வருமானம் எவ்வளவென்று பாராமலே இலவச வக்கீல் உதவி உண்டு. இருப்பது தெரியாதவனுக்கு, இருந்தும் இல்லாததுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் செய்கிறோம். இப்படிப்பைப் படித்துவிட்டு, "நானே வக்கீல்" என்று சொல்லிக்கொண்டு, தாலூகா ஆபீஸ் வாசலில் மனுவுக்கு இவ்வளவு என்று ஏழையிடம் பிடுங்குகிறவர் கிளம்பினால், பழைய தரகனுக்குப் பதில் புதிய தரகன் வந்தான் என்பதைத் தவிர வேறு லாபமில்லை. தன் எல்லையைத் தெரிந்து, அதற்கப்பால் வக்கீலிடம் அழைத்துப் போகிறவரே இப்படிப்புக்கு யோக்கியர்.

ஆகவே, கேள்வி கேட்ட தோழருக்கு நாம் சொல்லுவதாவது: உங்கள் மகளுக்கு வக்கீலுக்குப் படிக்க இஷ்டமும் வசதியும் இருந்தால் தாராளமாய்ப் படிக்க வையுங்கள். இதைப் படிப்பதானால் குமாஸ்தா வேலை என்று தடுக்காதீர்கள். வக்கீல் ஊட்டியிலும் கூடலூரிலும் கிடைப்பார். உங்கள் லயத்தில், உங்கள் பாஷையில், ராத்திரி ஏழு மணிக்கு விளக்கடியில் உட்கார்ந்து, "பாட்டி, நீங்கள் எந்த வருஷம் வேலையில் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டு எழுதுவதற்கு உங்கள் மகளைத் தவிர வேறு யார் வருவார்?