ஜாமீனுக்குத் தேதி கிடையாது

நர்சிங்கும் பார்மசியும் முடித்து அங்கி மாட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

பட்டமளிப்பு மேடையில் சாதித்தவர்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவனைப் பற்றிப் பேசப்போகிறேன். கோவில்பட்டியில் கிளைச் சிறை இருக்கிறது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் தூரமில்லை. அங்கிருந்து வருகிறவன் ஒருநாள் உங்கள் வார்டுக்கோ, நீங்கள் நிற்கும் மருந்துக் கடைக்கோ வருவான்.

நம் கரிசல் பக்கம் குடும்பங்களை அதிகம் அழிப்பது சாராயம்தான். ஆனால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கமும் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. டேபென்டடால் என்ற பெயரை போலீஸ் செய்திகளில் படித்திருப்பீர்கள். அபின் வகைப் போதையால் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் நாட்டில் ஏறக்குறைய 77 லட்சம் பேர் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு சொன்னது.

இந்தப் போதைக்கு அடிமையானவனை ரிமாண்ட் செய்தால் ஓரிரு நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல் என்று ஆரம்பிக்கும். ‘நடிக்கிறான்’ என்பார்கள். சில நாளில் அடங்கிவிடும். ‘உள்ள போனதும் சுத்தமா விட்டுட்டான்’ என்று வீட்டில் நிம்மதி. ஆசை அப்படியே இருக்க, உடம்பின் தாங்குதிறன் மட்டும் குறைந்துபோனது அவர்களுக்குத் தெரியாது. தினம் பருத்தி மூடை சுமந்தவன் மூன்று மாதம் பாயில் கிடந்துவிட்டு, எழுந்த அன்றே அதே மூடையைத் தோளில் ஏற்றினால் என்ன ஆகும்? வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான். மூச்சு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பற்றிய ஆய்வு 2007இல் வந்தது. முதல் இரண்டு வாரத்தில் போதை அளவு மீறிச் சாகும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு.

மருந்து இருக்கிறது. பூப்ரெனார்ஃபின், நாக்கடியில் வைக்கும் மாத்திரை. டெல்லி திகார் சிறையில் 2008இலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில், இத்தகைய மருந்தோடு விடுதலையானவர்களிடம் முதல் மாத மரணம் 75 சதவீதம் குறைவு. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று டாக்டர்களே கேட்பார்கள். பிழைத்துக் கிடந்தால்தானே திருந்துவதைப் பற்றிப் பேச முடியும்?

ஆனால் வெளிநாட்டு ஆய்வை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உதவாது. நம் நாட்டுச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை முடியும் தேதி தெரிந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். ஜாமீனுக்குத் தேதி ஏது? மத்தியானம் கோர்ட்டில் ஆர்டர், பிறகு ஜாமீன்தாரர் கையெழுத்து, பேப்பர் சிறைக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். இருட்டும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் எப்போதோ முடிந்திருக்கும். டாஸ்மாக் திறந்திருக்கும், பழைய கூட்டாளியின் போன் அடிக்கும். ஆகவே வெளியே போவதற்கான சிகிச்சைத் திட்டத்தை உள்ளே வந்த அன்றே எழுதியாக வேண்டும்: என்ன எடுத்தான், எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரியில் தொடர்வான், வீட்டில் யாரிடம் சொல்வது.

2020 ஜூனில் சாத்தான்குளத்து அப்பாவும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் இந்தக் கோவில்பட்டிக் கிளைச் சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார்கள். அது போலீஸ் வன்முறை, வேறு வழக்கு. என்றாலும் சிறை வாசலில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிகிச்சைக்குச் சட்டத்திலும் கொஞ்சம் இடம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு: சிறிய அளவு வழக்கில் சிக்கியவன் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். இதை அவனிடம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பார்மசி முடித்தவர்களே, சீட்டில்லாமல் வலி மாத்திரை கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்டவனை விரட்டவும் வேண்டாம். நர்சிங் முடித்தவர்களே, “கடைசியா எப்ப எடுத்த தம்பி?” என்று தணிந்து கேளுங்கள். மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும், நலோக்சோன் ஊசி உயிரைத் திருப்பும் என்று அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். போதை மீட்பு உதவி எண் 14446. அதையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.